அணைக்கக் கூடாத பெட்டி

செல்லக்கனிக்கும் மாரிராஜுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தது எழுபது நாள்தான். எழுபத்தொன்றாம் நாள் அவன் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான், கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலைக்கு. அவள் சாத்தான்குளத்தில் மாமியார் வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த வேலைக்கே ஒரகடம் திரும்பினாள். கார்களுக்கான வயர் கட்டுகள் செய்கிற கம்பெனி. பலகையில் போட்டிருக்கிற கோட்டின்மேல் வயரை ஓட்டி, நிறம் பார்த்து கனெக்டரில் செருகி, டேப் சுற்ற வேண்டும். அவளுக்குக் கை வேகம். புதிதாக வரும் பெண்களை அவள் பக்கத்தில்தான் நிறுத்திப் பழக்குவார்கள்.

முன்பு இருந்த ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேர் நடுவில் புருஷனோடு என்ன பேச முடியும்? அதற்காகவே இந்தத் தடவை மாத்தூரில் ஞானம்மா வீட்டுப் பின்புறம் ஒரு அறையைத் தனியாக வாடகைக்கு எடுத்தாள். சிமெண்ட் ஷீட் போட்ட ஆறு அறைகளில் கடைசி அறை.

அறை கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அந்த நாட்டில் வாட்ஸப்பில் மெசேஜ் போகும், போட்டோ போகும், கால் மட்டும் போகாது. ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு ஏமாற்றிப் பேசலாம் என்று அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் சிலர் சொன்னார்கள். மாட்டினால் அபராதம் என்று வேறு சிலர் சொன்னதும் மாரிராஜ் பயந்து அதை அழித்துவிட்டான். அங்கே அனுமதி உள்ள ஆப்புக்கு மாதாமாதம் காசு கட்டி பேக் போட வேண்டும். நேராக போன் செய்தாலோ, சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் கார்டு காலியாகும். அவன் காலையில் பேசி அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை அவள் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் கேட்பாள். அவள் அழுது அனுப்பினால், அவன் பதில் வரும்போது அவளுக்கே அழுகை தீர்ந்து போயிருக்கும்.

கம்பெனி பஸ் நிற்கிற முக்கில் பிரசன்னா மொபைல் கடை வைத்திருந்தான். முப்பது வயதிருக்கும். சிரித்த முகம். வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பெண்கள் எல்லாரும் அவனுக்கு அக்காதான். ஒருநாள் ரீசார்ஜ் செய்ய நின்றவளிடம் அவனே கேட்டான்.

“அண்ணன் துபாய் சைடாக்கா? இன்னாத்துக்கு பேக்கு போட்டுகினு கஷ்டப்படறீங்க? நம்மகிட்ட நெட்டு போன் கீது. அண்ணன் அங்க ஒரு ஆப் போட்டுக்கினா போதும், எவ்ளோ நேரம் வேணா பேசலாம். உங்களுக்கு லோக்கல் கால் மாரியே வரும்.”

“மாசத்துக்கு எவ்வளவு?”

“ஒண்ணுமே வேணாம். சின்னதா ஒரு பொட்டி உங்க ரூம்ல வெச்சிடுவேன். அதுக்கு நெட்டு கனெக்சனும் நானே குடுத்துர்றேன். ஆஃப் பண்ணாம பாத்துகினா போதும்.”

அவள் ஒன்றும் விவரம் இல்லாதவள் அல்ல. “அதுல தப்பு ஒண்ணும் இல்லைலா?” என்று கேட்டாள்.

“மோடம் மாரிதான்க்கா. எத்தினி வூட்ல வெச்சிகீறாங்க தெரியுமா?”

மூன்று நாள் யோசித்தாள். பேக் போடுகிற ஆப்பா, நேர் காலா, பிரசன்னாவின் பெட்டியா என்று மாரிராஜுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டாள். ‘உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்’ என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் ஆதாரைக் கொடுத்துவிட்டாள். பிரசன்னா சின்ன மெஷினை நீட்டி விரலை வைக்கச் சொன்னான். “ரேகை சரியா வுழல, இன்னொருக்கா” என்றான். மறுபடி வைத்தாள். மறுபடி சரியில்லை என்றான். டேப் சுற்றிச் சுற்றி விரல் நுனி தேய்ந்து போனது அவளுக்கே தெரியும். கம்பெனி வாசல் மெஷினும் அவள் விரலைச் சட்டென்று ஏற்காது. அதனால் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு எத்தனை தடவை விரலை வைத்தாள் என்று பின்னால் போலீஸ் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை.

பெட்டி கறுப்பாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இருந்தது. முதுகில் சீப்புப் பல் போல வரிசையாகக் குட்டிக் குட்டி ஆண்டெனாக்கள். முன்னால் பச்சை விளக்குகள். அலமாரியின் மேல்தட்டில் வைத்து, கரண்ட் போனாலும் ஓடுவதற்கு ஒரு பேட்டரியையும் மாட்டிவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தாள்.

“ஏளா கனி, நாந்தான்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

அதற்குப் பிறகு நாலு மாதம், அவர்கள் கல்யாண வாழ்க்கை அந்தப் பெட்டி வழியாகத்தான் நடந்தது. அவள் சோறு பொங்கும்போது அவன் போனில் இருப்பான். அவனுடைய அறையில் ஒருவன் பிரியாணியில் உப்பை இரண்டு தடவை போட்ட கதையைக் கேட்டு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரே ஒரு விசித்திரம், ஒவ்வொரு தடவையும் கால் வேறு வேறு நம்பரிலிருந்து வந்தது. சில நம்பர்கள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றை மட்டும், புருஷன் பேரைச் சொல்லாமல் ‘அவிய 1’, ‘அவிய 2’ என்று பதிந்து வைத்தாள். பெட்டி ராத்திரி பகல் முனகிக்கொண்டே இருந்தது. அறை சூடாகிக் கிடந்தது. பழகிவிட்டது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது சுகப்பிரியா ஜன்னலோரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், செல்லக்கனியின் லைனில் அடுத்த பலகை. தங்கச்சி மாதிரிப் பழகுவாள்.

“என்னட்டி ஆச்சு?”

“அப்பாவ ஏமாத்திட்டானுவ அக்கா.” விசும்பலுக்கு நடுவில் சொன்னாள். “போலீஸ் பேசுதோம்னு போன் வந்திருக்கு. ஒன் பேருல பார்சல்ல போதை மருந்து வந்திருக்கு, போனை வச்சா ஒடனே கைதுன்னு நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே இருக்க வச்சிட்டானுவ. அப்பா கதவைப் பூட்டிட்டு உக்காந்திருந்திருக்காவ. அம்மைக்கிட்டகூடச் சொல்லல. என் கல்யாணத்துக்கு வச்சிருந்ததைப் பூராவும் அனுப்பிட்டாவ.”

“தெரியாத நம்பரை எடுக்கலாமா?”

“ஃபாரின் நம்பர்னா எடுத்திருக்க மாட்டாவ. நம்ம ஊரு நம்பர் மாதிரியேதான இருக்கு. இந்தா பாருங்க.”

சுகப்பிரியா நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். அது எந்த ஊர் நம்பரோ பார்ப்போம் என்று செல்லக்கனி தன் போனில் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டு எண்களை அடிப்பதற்கு முன்பே திரையில் ஒரு பெயர் வந்து நின்றது.

அவிய 7.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் ஏ.சி. காற்று உச்சந்தலையில் இறங்கியது. அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

“என்னக்கா, தெரியுமா இந்த நம்பரு?”

“இல்லை” என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக அவள் இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

சுகப்பிரியா பேசிக்கொண்டே வந்தாள். ஹெல்ப்லைன் நம்பருக்கு அடித்துப் புகார் கொடுத்தாயிற்றாம். ஒருவர் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க அரசாங்க வெப்சைட் இருக்கிறதாம், எல்லாரும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். செல்லக்கனி தலையை ஆட்டினாள். இறங்குகிற இடம் வந்ததும் பையைக்கூட மறந்துவிட்டு இறங்கப் போனாள்.

அறைக்கு வந்து கதவைத் தாழிட்டு அந்த வெப்சைட்டைத் திறந்தாள். நம்பரைக் கேட்டது, கொடுத்தாள். அவள் பேரில் ஒன்பது இணைப்புகள். ஒன்று அவளுடையது. மற்ற எட்டையும் அவள் வாங்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறிப் பெட்டியின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். இடுக்கில் சிம் கார்டுகள் வரிசை வரிசையாகச் செருகியிருந்தன. அவள் எட்டு மட்டும் அல்ல, யார் யாருடையதோ. வெளிநாட்டிலிருந்து நெட்டில் வருகிற கால், இந்த சிம்களில் ஏதோ ஒன்றின் நம்பரில் உள்ளூர்க் காலாகப் போகிறது. மாரிராஜ் பேசுகிற அதே பாதையில் வேறு குரல்களும் இவ்வளவு நாளும் இந்த அறை வழியாகப் போயிருக்கின்றன. கோவில்பட்டியில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரின் காதுக்கு இங்கிருந்துதான் போயிருக்கின்றன. அவள் சோறு பொங்கிக்கொண்டிருந்த நேரமாகக்கூட இருக்கலாம்.

கீழே இறங்கிப் பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரி வயரையும் உருவினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. நாலு மாதத்தில் முதல் தடவையாக அறை அமைதியானது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. பிரசன்னா.

“இன்னாக்கா, கரண்டு போச்சா?”

சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. எங்கிருந்து பார்க்கிறான் இவன்?

“இல்லை… துடைக்கதுக்காக எடுத்தேன்.”

“தொடைக்க வேணாம். மாட்டிடுங்க.”

“பிரசன்னா, இது என்ன பெட்டி? என் பேருல இத்தனை சிம் எதுக்கு வாங்கின?”

அவன் அதே சிரித்த குரலில் பேசினான். “அக்கா, ரூம் உன் பேரு. நெட்டு உன் பேரு. சிம்மு உன் பேரு. போலீசு வந்தா யாரை இட்டுகினு போவான்? அண்ணன் அங்கேர்ந்து வந்து எறங்குனா ஏர்போர்ட்லயே புடிச்சிடுவான். ஒண்ணும் ஆவாது, பயப்படாத. நாளைக்கு மத்தியானம் வந்து பொட்டிய வேற எடத்துக்கு மாத்திக்கிறேன். அதுவரைக்கும் ஓடட்டும். மாட்டு.”

முதல் தடவையாக அவன் ‘வாங்க போங்க’வை விட்டிருந்தான்.

அவள் மாட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

பொழுது சாய மாரிராஜின் கால் வந்தது. ‘அவிய 3’. இந்தக் குரல்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்த்தானே வருகின்றன, பிரசன்னாவும் கேட்டுக்கொண்டிருப்பானோ என்று அவளுக்கு ஓடியது.

“ஏளா, ஏன் ஒருமாதிரி பேசுத?”

“தலைவலிங்க. வச்சிருதேன்.”

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.” போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி, வேறு நம்பர். எடுக்கவில்லை. தன் புருஷன்தான் கூப்பிடுகிறான் என்று தெரிந்தும், அந்த மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது.

வீட்டுக்காரி ஞானம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று முன்பக்கம் போனாள். ஞானம்மா ஞாயிறு பூசைக்குச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள். அவளுக்கும் பயம்தான். பயம் கோபமாக வெளியே வந்தது.

“என் வூட்ல போலீசா? இன்னாமா நீ, படிச்ச பொண்ணுன்னு நம்பி வூடு குடுத்தா! போயி அந்தச் சனியன ஏரில கடாசிட்டு வந்துடு. இல்லன்னா நாளைக்கே ரூம காலி பண்ணு.”

ஏரியில் போட்டால் பெட்டி போய்விடும். தன் பேரில் இருக்கிற எட்டு சிம்மும் போய்விடுமா? ஊருக்கு ஓடிவிடலாமா? ஓடினால் தான்தான் செய்தோம் என்று ஆகிவிடாதா? போலீசுக்குப் போனால் நாமாகப் போய்த் தலையைக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் சுகப்பிரியாவின் அப்பாதான் வந்து நின்றார். அவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் போன் மணிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது.

விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேரே ஹாஸ்டலுக்குப் போனாள். சுகப்பிரியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துப் பேசச் செல்லக்கனிக்குத் தெம்பில்லை. போனைத் திறந்து ‘அவிய 7’ஐ எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு பெட்டியைப் பற்றிச் சொன்னாள். நேற்றுப் பொய் சொன்னதையும் சொன்னாள்.

சுகப்பிரியா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தண்ணீர் சொட்டி அவள் காலடியில் தேங்கியது.

“அப்பா மூணு நாளா சாப்பிடலக்கா” என்றாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். “வாங்க ஸ்டேஷனுக்கு.”

இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். ஸ்டேஷன் வாசலில் செல்லக்கனி மேலே ஏறவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். சுகப்பிரியா அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிப்போனாள். அன்பாகப் பிடித்தாளா, ஓடிவிடக் கூடாது என்று பிடித்தாளா என்று செல்லக்கனிக்குத் தெரியவில்லை.

எஸ்.ஐ. காவேரி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு செல்லக்கனியின் போனை வாங்கி மேஜையில் வைத்து யார் யாருக்கோ பேசினார். “பெட்டி இப்ப ஓடுதா?”

“ஓடுது மேடம்.”

“நல்லதாப் போச்சு. அணைக்காத. அவன் மத்தியானம் வர்றேன்னு சொன்னான்ல? நீ போயி ரூம்ல வழக்கம்போல இரு. நாங்க முன்னாடி வீட்ல இருப்போம்.”

“நான் மட்டும் தனியாவா?”

“நீ இல்லன்னா அவன் உள்ள வர மாட்டான்மா. எங்கிட்ட சொன்ன மாதிரியே தைரியமா இரு.”

தைரியம் எங்கே இருந்தது? பத்தரை மணியிலிருந்து அவள் அறையில் உட்கார்ந்திருந்தாள். எஸ்.ஐ. திருப்பிக் கொடுத்த போன் கையில். வழக்கம்போல இருக்க வேண்டும் என்று வெங்காயம் நறுக்க எடுத்தாள். ஒன்றை நறுக்கி முடிக்க முடியவில்லை. வெளியே பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்தாள். ஞானம்மா பூசைக்குப் போகவில்லை. முன்பக்கம் காவேரிக்கும் சாதாச் சட்டை போட்ட இரண்டு போலீஸ்காரர்களுக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்றேகாலுக்கு வந்தான். கையில் ஒரு டிராவல் பேக். தனியாக வரவில்லை, கூட ஒரு தடியன். அவனை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. தடியன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான்.

“யாராண்டயாவது சொன்னியாக்கா?” பிரசன்னா அவள் முகத்தையே பார்த்தான்.

“இல்லை.”

“ஏன் அழுத?”

“வெங்காயம்” என்றாள். அரை வெங்காயம் நறுக்கின தட்டை அவன் பார்த்தான். தடியன் அவள் கையிலிருந்த போனை வாங்கிக் கட்டிலில் எறிந்தான். பிரசன்னா நாற்காலியில் ஏறிப் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தான். செல்லக்கனி சுவரோடு ஒட்டி நின்றாள். பெட்டி பேக்குக்குள் போய் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்ட பிறகும் யாரும் வரவில்லை. நம்மை விட்டுவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள்.

கதவைத் திறந்து தடியன் வெளியே காலை வைத்தான். அடுத்த நொடி அவன் முற்றத்தில் குப்புறக் கிடந்தான், முதுகில் ஒரு போலீஸ்காரரின் முழங்கால். பிரசன்னா ஓடப் பார்க்கவில்லை. பேக்கை அங்கேயே வைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாது சார், இது இந்த அக்காவோட பொட்டி, எடுத்துட்டுப் போவச் சொன்னாங்க” என்றான். அந்த நிலையிலும் அவன் குரலில் நடுக்கம் இல்லை. செல்லக்கனிக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அன்றோடு முடியவில்லை. போனைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். தொலைத்தொடர்புத் துறையிலிருந்து ஆட்கள் வந்து அறையைப் போட்டோ எடுத்தார்கள். நாலு நாள் ஸ்டேஷனுக்கும் அறைக்கும் நடந்தாள். கேட்டதையே கேட்டார்கள். கம்பெனி எச்.ஆர். கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்துவோமோ என்று யோசிக்கிற மாதிரிப் பேசினார். காவேரி போனில் சொன்ன பிறகு விட்டுவிட்டார். மாத்தூர், ஒரகடம் பக்கத்துப் பண்ருட்டி, வல்லம் என்று இன்னும் ஐந்து வீடுகளில் அதே பெட்டி இருந்தது. எல்லாமே வெளிநாட்டில் ஆள் இருக்கிற குடும்பங்கள். செல்லக்கனியைச் சாட்சியாகச் சேர்த்தார்கள். சாட்சிதான், குற்றவாளி இல்லை என்று காவேரி இரண்டு தடவை எடுத்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

ஐந்தாம் நாள் ஞானம்மா தன் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடி வந்தாள். “உன் வூட்டுக்காரரு! யாராண்டயோ என் நம்பர வாங்கி அங்கேர்ந்து நேராவே அடிக்கிறாரு. சீக்கிரம் பேசு, காசு போவுது.”

“கனி! ஒன்ன அடிச்சாவளா?” அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. ஊரிலிருந்து யார் மூலமோ பாதி விஷயம் அவனுக்குப் போயிருந்தது.

“இல்லைங்க. அடிக்கல.”

“நாலு நாளா நான் சாரத்துல ஏறவே இல்லளா. காலு நடுங்குது. ஃபோர்மேன் கீழயே நிக்கச் சொல்லிட்டான்.”

அவளுக்கு அழுகை வந்தது. தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தாள். நாற்பது மாடி உயரத்தில் நிற்கிறவனுக்கும் பயம் வரும் என்று யோசித்ததே இல்லை.

“எதுல பேசணும்ங்கதை இனிமே நானே பாத்துக்கிடுதேன்னு நீங்க சொல்ல மாட்டியளா?” என்று கேட்டாள்.

“ரெண்டு பேரும் சேந்து பாப்போம்” என்றான். “நானும்தான ஒனக்கு எது சரியோ செய்யின்னு ஒதுங்கிக்கிட்டேன்.”

அனுமதி உள்ள ஆப்பையே எடுத்தார்கள். மாதத்துக்கு ஒரு பேக். அவன் ராத்திரி டீயை விட்டான், அவள் ஓவர்டைம் இருந்தால் மாட்டேன் என்று சொல்வதில்லை. புதிதாக வாங்கிய போனில் முதல் தடவை கால் வந்தபோது அவள் உடனே எடுக்கவில்லை. திரையில் தெரிந்த நம்பரை மூன்று தடவை பார்த்துவிட்டு எடுத்தாள். இப்போதும் கம்பெனி லாக்கரில் யாருடைய போனாவது அதிர்ந்தால் அவள் கையில் பிடித்திருக்கிற வயர் நழுவும்.

சுகப்பிரியா அப்பாவின் பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் முடக்கி வைத்திருந்தார்கள். அது மட்டும் திரும்பி வந்தது. அவள் லைனில் பேசுவாள், சிரிப்பாள், முன்பு போல டிபனைப் பகிர்ந்துகொள்ள வருவதில்லை. செல்லக்கனியும் கேட்கவில்லை.

கார்த்திகையில் வாக்குமூலம் கொடுக்க ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் பிரசன்னா போலீஸ்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். “நல்லா கீறீங்களாக்கா?” என்று கேட்டான், கடையில் கேட்பது போலவே. செல்லக்கனி வராந்தாவின் மறுபக்கம் தள்ளிப் போய் நின்றாள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனாள். நீதிபதி கேட்டதற்கெல்லாம் சத்தம் வராமல் பேசி, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்று அவர் சொன்ன பிறகு உரக்கச் சொன்னாள். பஸ்ஸில் சொன்ன ‘இல்லை’யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்து வெளியே வந்தபோது மணி ஒன்று. லீவு கிடைக்கவில்லை, இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சாப்பிடாமலே ஒரகடம் பஸ் பிடித்தாள்.